மாலதி பட்டி பார்த்த கதை

1

இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாக வந்தது. கனவில் கிடைத்தது, ரயில் பயணத்தில் கிடைத்தது என்று மற்ற எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்கிறார்கள். பாவம், அவர்களுக்கு அக்கம்பக்கம் சரியாக அமையவில்லை என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அமைந்திருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலும் மாலதி வீட்டுச் சமையலறைச் சன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகுமளவு சந்து. அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். பெருங்காயத்தையும் மீறி ஒரு வாசனை. தின்னர். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன். (எங்கள் கொல்லையிலேயே மரம் இருக்கிறது. மாலதி வீட்டுக் குழம்புக்கே அதிலிருந்துதான் போகிறது.)

கதவைத் திறந்த மாலதியின் மூக்கு நுனியில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு பொட்டு.

[மூக்குல இல்லக்கா, கன்னத்துல. – மாலதி] *

"என்னடி கோலம் இது?"

"கப்போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேங்கா."

"ஆளு வரலியா?"

"நாந்தாங்கா ஆளு. கறிவேப்பிலை வேணுமா, உள்ள வந்து பாக்கணுமா?"

பார்த்தேன்.

* சதுர அடைப்புக்குள் வருபவை என்னுடையவை அல்ல. எப்படி உள்ளே நுழைந்தன என்பது எட்டாம் பகுதியில் தெரியும். அடித்துவிடத்தான் நினைத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

முதல் வரிக்கு ரொம்பப் பாடுபட்டேன்.

"கணவனை இழந்த மாலதியின் வாழ்வில் நிறங்கள் மீண்டும்—"

வேண்டாம். இதைப் படித்ததும் நீங்கள் கர்ச்சீப்பைத் தேடுவீர்கள். அவள் ஒன்றும் கண்ணீர் சொட்டப் பெயிண்ட் அடிக்கவில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, யூடியூபில் யாரோ ஒருவன் சொல்லச் சொல்ல, அவனைத் திட்டிக்கொண்டே அடித்தாள்.

"மயில்கழுத்து நிறம் என்றால் புடவைக்கு என்றுதான் நாமெல்லாம்—"

இதுவும் வேண்டாம். கதையை நகர்த்தாது.

"சிதம்பரத்திலிருந்து மாமியார் ஃபோன் செய்த மறுநாள் மாலதி உப்புத்தாள் வாங்கிவந்தாள்."

இது பரவாயில்லை. உப்புத்தாள் என்றால் மரத்தைத் தேய்க்கிற சொரசொரப்புக் காகிதம். அதில் உப்பு கிடையாது. நான் நக்கிப் பார்க்கவில்லை, சொன்னார்கள். மாமியார் என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். அதற்கு இவர்களை உங்களுக்குத் தெரிய வேண்டும். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

மாலதி தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். அவள் கணவன் இளவரசு இரண்டு வருஷம் முன்பு மாரடைப்பில் போய்விட்டான். மகள் சுவேதா சிதம்பரத்தில் படிக்கிறாள். அங்கே பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறாள். அந்தப் பாட்டிதான் மாலதியின் மாமியார், தில்லையம்மாள். கூட இருப்பவர் இளவரசுவின் அண்ணன் தில்லைநாதன். மஞ்சக்குப்பத்து வீடு மாமனார் கட்டியது. அவர் உயில் எழுதாமல் போனதால் வீடு எல்லோருக்கும் பொது. விற்க வேண்டும் என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மாலதியும் போட வேண்டும்.

தில்லையம்மாள் ஃபோனில் சொன்னது இதுதான்: "புள்ளையே இங்கதான் இருக்கா. நீ மட்டும் தனியா அங்க எதுக்குடி? வீட்ட குடுத்துடலாம். இங்க வந்து எங்களோட இரு. கடைய இங்க கீழ வீதில வச்சிக்கலாம்."

இதில் எங்கே தப்பு? தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

மாலதிக்குப் போக விருப்பமில்லை. ஊகமில்லை இது. மாடியில் துணி காயப்போடும்போது அவளே சொன்னாள்.

"எனக்கு இந்த வீட்ட வுட்டுப் போக இஷ்டமில்லக்கா. இருக்கணும்."

"அத அவுங்ககிட்ட சொல்லேன்."

"அத்தைகிட்ட முடியாதுன்னு சொல்ற வாயி எனக்கு இல்லயே."

இவ்வளவுதான் கதை. ஒருத்தி தன் வீட்டில் இருப்பாளா, போவாளா. சொல்ல வாய் வருமா, வராதா. மற்றதெல்லாம் பெயிண்ட்.

3

முதல் கதவு நாசமாய்ப் போனது. மகிழ்ச்சியோடு எழுதுகிறேன், ஏனென்றால் கதைக்கு ஒரு தோல்வி தேவை.

அந்தக் கப்போர்டுகளில் வழவழவென்று அரக்கு நிறத்தில் சன்மைக்கா ஒட்டியிருக்கும். வீடு கட்டியபோது தில்லையம்மாள் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தது. மாலதி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அரக்கு நிறத்தைப் பார்த்தபடிதான் சமைத்தாள். வாங்கிவந்த உப்புத்தாளைத் தொடாமலே அதன்மேல் நேரடியாகப் பெயிண்டைப் பூசிவிட்டாள். மறுநாள் காய்ந்துவிட்டதா என்று நகத்தால் தொட்டாள். பால் ஆடை போல ஒரே வீச்சில் உரிந்து கையோடு வந்தது.

நான் சன்னலில்தான் இருந்தேன். உரிந்ததைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

"பாத்தீங்களாக்கா? மாமியார் சன்மைக்கா. என்ன ஒட்ட வுடுதா பாருங்க."

[இது உண்மை. ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அதையும் எழுதுங்க.]

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகுதான் அந்த யூடியூப்காரன் சொன்ன முதல் பாகத்தைப் பார்த்தாள். அவசரத்தில் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். கதவுகளைத் திருப்புளியால் கழற்றி, கீல்களை ஒரு டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்தாள். வழவழப்பு போய் வெளிறும்வரை தேய்க்க வேண்டும். கடை மூடிவிட்டு வந்து தேய்ப்பாள். சரக், சரக் என்று அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கு டிவி கேட்கவில்லை. "வீட்ட விக்கப் போறாங்களாம், அதான் மெருகேத்துறா" என்றார். தெருவே அப்படித்தான் பேசிக்கொண்டது. நான் ஒருத்திதான் வேறு மாதிரி நினைத்தேன். விற்கப்போகிறவள் வெளிச்சுவருக்குத்தான் வெள்ளையடிப்பாள். கப்போர்டின் உள்பக்க மூலையை யார் தேய்ப்பார்கள்?

4

இனி வருவது தொலைபேசி உரையாடல். மாலதியின் பாதியைச் சன்னல் வழியாக நானே கேட்டேன். பெயிண்ட் நெடி போக அவள் காற்றாடியைப் போட்டிருந்ததால் மாமியாரின் பாதி எனக்குக் கேட்கவில்லை. அதைப் பிற்பாடு மாலதி சொன்னாள். கொஞ்சம் நானும் சேர்த்திருக்கிறேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

கதவுகளில் பழைய கைப்பிடி இருந்த ஓட்டைகளை மாலதி பட்டியால் அடைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க வெள்ளைக் களிம்பு. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"சொல்லுங்கத்தை. கை வேலையா இருக்கேன், பட்டி பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பார்ட்டி பாக்குறியா?"

"ஆமாத்தை, பட்டிதான்."

"நீயேவா? ஆளு யாரும் இல்லாமயா?"

"எதுக்கத்தை ஆளு? அவனுக்கு வேற தண்டமா குடுக்கணும். நானே பாத்துக்குறேன்."

"சரியா அமையுமாடி?"

"மொதல்ல பண்ணது சரியா புடிக்கல, போயிருச்சு. இப்ப பாக்குறது நல்லா புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்கா! அவசரப்படாத. ஒண்ணுக்கு ரெண்டா பாரு."

"ஆமாத்தை, வீடியோலயும் அப்புடித்தான் போட்டிருக்கு."

"வீடியோல வேற போட்டுட்டியா! கெட்டிக்காரிதான் போ."

மாமியார் வாயிலிருந்து கெட்டிக்காரி என்று கேட்டு மாலதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இங்கே கதையை நிறுத்தி ஒரு வார்த்தை. சுவரிலோ மரத்திலோ உள்ள ஓட்டையைக் களிம்பு வைத்து நிரப்புவதைப் பெயிண்டர்கள் பட்டி அடிப்பது, பட்டி பூசுவது என்று சொல்வதில்லை. பட்டி பார்ப்பது என்பார்கள். வீடு வாங்க வருகிறவரை நிலத்தரகர்கள் பார்ட்டி என்பார்கள், அவரையும் பார்ப்பார்கள். பட்டியும் பிடிக்கும், பார்ட்டிக்கும் பிடிக்கும். நடுவில் ஒரு காற்றாடி ஓடினால் போதும். இரண்டு பொம்பளைகள் முழுமனதோடு, ஒருவருக்கொருவர் மெச்சிக்கொண்டு, எதிரெதிர்த் திசையில் போய்விட்டார்கள்.

நான் இதைக் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

5

இந்த இடத்தில் எனக்கு மாலதிமேல் சந்தேகம் வந்தது. பாத்திரத்தைச் சொல்கிறேன், ஆளை அல்ல. (ஆளையும்தான்.)

போக விருப்பமில்லாதவள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? எதற்கு இத்தனை தேய்ப்பு? வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். உப்புமாக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய்க் கேட்டேன்.

"ஏண்டி, அடிச்சு முடிச்சா மட்டும் அவுங்க வுட்டுடுவாங்களா?"

தூரிகையை டப்பா விளிம்பில் வழித்துக்கொண்டே யோசித்தாள்.

"தெரியலக்கா. அவரு இருந்தப்பவும் இது அத்தை கிச்சன்தான். எந்த டப்பா எங்க இருக்கணும்னு அவுங்க வச்சதுதான். அவரு போனப்புறம் ஒரு நாள் காலைல பாலு காய்ச்சுறப்ப தோணுச்சு, இங்க இப்ப நான் மட்டுந்தான இருக்கேன்னு. அழுகை வரும்னு பாத்தேன். வரல. எனக்குப் புடிச்ச கலரு என்னன்னு யோசிச்சேன். அதுக்கே ரொம்ப நேரமாச்சு."

இதற்கு மேல் நான் என்ன எழுத? எழுதியதெல்லாம் இதைவிடக் கீழே நின்றது. "அடுத்தவள் சமையலறையில் பதினேழு வருடம் விருந்தாளியாக—" என்று ஒரு வரி தொடங்கினேன். அலங்காரம். அடித்துவிட்டேன்.

6

மார்கழி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. தில்லைநாதன், தில்லையம்மாள், கூடவே பர்தா அணிந்த ஒரு இளம்பெண். லால்பேட்டைக்காரர், பெயர் ஆரிபா. கணவர் ஹாமித் துபாயில். பிள்ளைகளைக் கடலூரில் படிக்கவைக்க வீடு தேடுகிறார்கள். தில்லைநாதனுக்குத் தெரிந்தவர்கள்.

நான் குக்கரில் துவரம்பருப்பை ஏற்றிவிட்டுச் சன்னலுக்கு வந்தேன்.

தில்லையம்மாள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது? மயிலு பூந்தாப்ல இருக்கு!"

"பெயிண்ட் அடிச்சேன் அத்தை."

"எப்ப?"

"அதான் ஃபோன்ல சொன்னேனே, பட்டி பாக்குறேன்னு."

"பார்ட்டி பாக்குறேன்னுல்ல சொன்ன?"

"பட்டி அத்தை. ஓட்டைய அடைக்கிற பட்டி."

தில்லைநாதன் சிரித்த சிரிப்பில் சந்து அதிர்ந்தது. "நல்லாருக்கும்மா கூத்து! நீ ஒரு பார்ட்டி பாத்தா, நாம ஒண்ணு காட்டுவோமேன்னு நான் லால்பேட்டைலேர்ந்து கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"வாங்க மாமா. உக்காருங்க" என்றாள் மாலதி. வேறு என்ன சொல்வாள்?

ஆரிபா அதற்குள் கைப்பேசியில் கணவரை அழைத்து, சமையலறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கிச்சன பாருங்களேன். மாஷா அல்லாஹ், கலரு அள்ளுது! நாம எதுவும் மாத்தவே வேணாம்."

"வீட்ட பாத்துட்டு வான்னா கலர பாத்துக்கிட்டு நிக்கிற" என்றது துபாய்.

"நீங்களா வந்து சமைக்கப் போறீங்க?"

ஆசையோடு ஒரு கதவைத் தடவினார். காயவில்லை. மார்கழிக் குளிரில் எனாமல் சீக்கிரம் காயாது. நாலு விரலும் பதிந்துவிட்டன. "அய்யய்யோ, மன்னிச்சுக்கங்கக்கா" என்று பதறினார். "பரவால்ல, பரவால்ல" என்று மாலதி துணியில் தின்னரை நனைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. மாலதி இருப்பதற்காக அடித்த நிறம் இன்னொருத்திக்கு வர ஆசை காட்டிவிட்டது. யாரை நோவது?

தில்லையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கழற்றி வைத்திருந்த ஒரு கதவைத் திருப்பி, பெயிண்ட் படாத பின்பக்கத்து அரக்கு நிறத்தைப் பார்த்தார்.

"இத நான் எவ்ளோ தேடிப் புடிச்சு வாங்குனேன் தெரியுமா?" என்றார், யாரிடமோ. பிறகு மாலதியை ஏறிட்டார். "விக்கப் போற வீட்டுக்கு எதுக்குடி இவ்ளோ மெனக்கெட்ட?"

மாலதி தின்னர் டப்பாவை மூடினாள்.

"வீட்ட குடுக்குறதுல ஒனக்குச் சம்மதம்தானே?"

மாலதி வாயைத் திறந்தாள்.

"அத்தை, நான் ________________"

என் குக்கர் விசில் அடித்தது. நீளமான விசில். இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன பேசினாலும் தவறவிடாதவள் நான். தவறவிட்டது அந்த ஒரு வாக்கியத்தை. ஆவி அடங்கியபோது ஆரிபா விரல் துடைத்துக்கொண்டிருந்தார். தில்லையம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாலதியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

7

ஆகவே முடிவை நானே செய்ய வேண்டியதாயிற்று. செய்து பார்த்தவை:

அ) "'அத்தை, நான் எங்கேயும் போவதாக இல்லை. இந்த வீட்டில் என் உழைப்பும் என் கண்ணீரும்...' என்று மாலதி முழங்கினாள்." மாலதி முழங்கமாட்டாள். ஆட்டோக்காரரிடம் இறங்குமிடத்தைக்கூட இரண்டாம் தடவைதான் கேட்கும்படி சொல்வாள்.

[உண்மை.]

ஆ) "சம்மதம்தான் அத்தை" என்றாள். தையில் ஆரிபா குடிவந்தார். மயில்கழுத்துக் கப்போர்டில் அவருடைய டப்பாக்கள். நான் கறிவேப்பிலை கேட்கப் போனேன். இது நடக்கக்கூடியதுதான். எழுதிவிட்டு அன்று முழுக்க எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இ) தில்லையம்மாள் தானாகவே புரிந்துகொள்கிறார். இன்னொரு தூரிகையை எடுத்து மருமகளோடு சேர்ந்து அடிக்கத் தொடங்குகி—

எனக்கே கண் கலங்கியது. கண் கலங்கினால் அங்கே ஏதோ பொய் இருக்கிறது என்பது என் அனுபவம். விட்டுவிட்டேன்.

8

என் கதைகளை டைப் செய்வது மாலதிதான். ஊரில் என் கையெழுத்து புரிகிற ஒரே ஆள் அவள். இதையும் அவளிடமே கொடுத்தேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமே.

தட்டிக்கொண்டே வந்தாள். தன் பங்குக்கு அடைப்புகளைச் சேர்த்தாள். ஆறாம் பகுதியில் நின்றாள்.

"என்னக்கா, இங்க கோடு போட்டு வுட்டிருக்கீங்க?"

"குக்கரு அடிச்சிருச்சுடி. என்னதான் சொன்ன?"

"'அத்தை, நான் காபி போடுறேன்'ன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். குடிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலியா, சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. மார்கழியில வேணாம், தை பொறந்ததும் அக்ரிமெண்ட் போட்டுடலாம்னுட்டாரு மாமா."

ஒரு வாடிக்கையாளர் ஆதார் அட்டையை நீட்டினார். எடுத்துக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அந்தக் கோட்டுல 'வேணாம் அத்தை'ன்னு சொன்னேன்னு போட்டுடுங்களேன்."

"நீ சொல்லலியேடி."

"நான் சொல்லாதத எவ்ளோ எழுதியிருக்கீங்க!"

நான் கைப்பிரதியைப் புரட்டினேன்.

"அத்தை ஒங்க கதை வர்ற பத்திரிகைய தவறாம வாங்குவாங்கக்கா. மார்கழிக் கடைசிக்குள்ள வந்துச்சுன்னா, தைக்கு முன்னாடி படிச்சிடுவாங்க. தெரிஞ்சிக்குவாங்க."

கேட்காமலே ஊர்க்கதையெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். முதல்முறையாக ஒருத்தி என்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள், கை எழமாட்டேன் என்கிறது. யோசித்துப் பார்த்தேன். நான் எழுதினால் அது என்னுடைய 'வேண்டாம்'. மாமியார் படித்துவிட்டு, "என்னடி இது?" என்று கேட்டால், "அது கதை அத்தை, அந்தக்கா இஷ்டத்துக்கு எழுதும்" என்று இவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவாள். அதை அவளிடமே சொன்னேன்.

மறுக்கவில்லை. விசைப்பலகையில் ஒட்டியிருந்த நீலத்துளி ஒன்றைச் சுரண்டினாள்.

"அப்ப எப்புடித்தான் முடிப்பீங்க?"

"நடந்தத நடந்தபடி."

"அதிசயந்தான்" என்று தட்டத் தொடங்கினாள்.

[டைப் அடிச்சிட்டேங்கா. கோட்டையும் அப்படியே வுட்டுட்டேன்.]

9

முடிவை வாசகர் கையில் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். நான் ஒரே ஒரு வாசகர் கையில் விடுகிறேன். மற்றவர்கள் போக வேண்டாம், நின்று கேளுங்கள். நானும் அப்படித்தான் செய்வேன்.

சிதம்பரத்தில் இதைப் படித்துக்கொண்டிருக்கும், தில்லையம்மாள் என்று நான் பெயர் வைத்திருக்கும் அம்மாவுக்கு:

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மயில்கழுத்து நிறத்தில் சமையலறை கடலூரில் வேறு யாருக்கும் இல்லை. மாலதி உங்களிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னதாக நான் எழுதவுமில்லை. என்னை எழுதச் சொன்னாள், அதை எழுதியிருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரி எழுதியதை நம்பி நீங்கள் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். அவளும் சாக்குச் சொல்ல வேண்டாம். இதை அவளேதான் டைப் செய்திருக்கிறாள், இந்த வரி உட்பட.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஃபோனில் வேண்டாம், நேரில் வாருங்கள். வந்து, அன்று கேட்டதையே கேளுங்கள். ஆனால் "சம்மதம்தானே" என்று கேட்காதீர்கள், அம்மா. அந்தத் 'தானே'க்குப் பிறகு காபி போடுவதைத் தவிர ஒரு மருமகளால் எதுவும் செய்ய முடியாது.

"சம்மதமா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும், பேசாமல் இருங்கள்.